அப்பாவின் 1964 ஃபியட் 1100டி: எதை அப்படியே விடுவது, எதை மாற்றுவது?

#1 நாலுகதவு

வணக்கம். இத்தனை நாளும் இங்கே மற்றவர்களின் கார்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது என் முறை. அப்பாவின் 1964 ஃபியட் 1100டி பதினோரு வருடம் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. போன மாதம் வெளியே இழுத்தோம். எஞ்சின் சுற்றுகிறது, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. ஆனால் தகடு மோசம். ஓட்டுநர் பக்கத் தரை அரித்துப் போயிருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் இடத்தில் விரலை விட்டால் மண் தட்டுப்படுகிறது. மற்றபடி எதுவும் காணாமல் போகவில்லை. கதவுக் கைப்பிடி, முன் கிரில், டெயில் லைட் மூடிகள் எல்லாம் இருக்கின்றன.

டிங்கரிங் ஆரம்பிக்கும் முன் ஒரு முடிவுக்கு வர வேண்டும். என் ஆசைகள் இவை: முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், எலெக்ட்ரானிக் இக்னிஷன், பாட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் (மெதுவாக ஓடும்போதும் மின்சாரம் தருவது), ஏசி, எல்இடி ஹெட்லைட், சீட் பெல்ட், அப்புறம் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் கியரைத் தரைக்குக் கொண்டுவருவது. எழுதிப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. இவ்வளவையும் செய்தால் அது அப்பாவின் காராக இருக்குமா?

அப்பாவுக்கு 78 வயது. ஓட்டுவதை நிறுத்திவிட்டார், பக்கத்தில் உட்கார்ந்து வருவார். பின் சீட்டில் என் மகள். ஆகவே கார் ஓட வேண்டும், அதுவும் பயமில்லாமல் ஓட வேண்டும். உங்கள் கருத்து வேண்டும். திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை.

#2 பழம்பெட்ரோல்

திட்ட மாட்டேன் தம்பி. ஆனால் பட்டியலைப் பாதியில் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரு கார் ஒரே ஒரு முறைதான் ஒரிஜினலாக இருக்க முடியும். மறுசீரமைப்பு எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். தொழிற்சாலையில் போட்ட தையல், முதல் பெயிண்டு, அந்தக் காலத்து ஒயரிங் சுற்று, இவை ஒருமுறை போனால் போனதுதான். பழைய கட்டடங்களைக் காப்பவர்கள் 1964-லேயே வெனிஸ் சாசனம் என்று ஒன்றை எழுதி வைத்தார்கள். இல்லாமல் போன பகுதிக்குப் புதிது வைத்தால் அது மொத்தத்தோடு பொருந்த வேண்டும், ஆனால் கூர்ந்து பார்ப்பவருக்கு இது புதிது என்று தெரியவும் வேண்டும் என்கிறது அது. அதே எண்ணத்தில்தான் பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான எஃப்ஐவிஏ 2012-இல் டூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. முடிந்தவரை பாதுகாப்பது, பாதுகாக்க முடியாததைச் சீரமைப்பது, மாற்றியே ஆக வேண்டுமானால் திருப்பி எடுக்கும்படி மாற்றுவது. வரிசை இதுதான். நீங்கள் கடைசிப் படியிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள்.

தற்செயல் பாருங்கள், டூரின்தான் ஃபியட்டின் பிறந்த ஊர்.

#3 வளைபாதை

பழம்பெட்ரோல் சார் மன்னிக்கணும், சாசனம் பிரேக் பிடிக்காது.

இந்த வண்டியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சுழலும் உருளைக்குள் ஷூ விரிந்து உரசும் வகை. அதைவிட முக்கியமாக, ஒற்றைச் சுற்று ஹைட்ராலிக். மாஸ்டர் சிலிண்டரில் ஒரே பிஸ்டன், ஒரே எண்ணெய்ப் பாதை. எங்கேயோ ஒரு ரப்பர் குழாய் வெடித்தால், ஒரு வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் கிழிந்தால், பெடல் நேராகத் தரைக்குப் போகும். நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் கைவிடும். மிச்சம் இருப்பது கைப்பிரேக். எனக்கு இது நடந்திருக்கிறது. இறக்கத்தில் இல்லை, வீட்டு வாசலில். அதனால்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாலுகதவு, டிஸ்க் பற்றி எல்லோரும் பேசுவார்கள். முதலில் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள். டிரம்மையே வைத்துக்கொண்டாலும் அதைப் போடுங்கள். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஒன்று போனால் மற்றது பிடிக்கும். வெளியே நின்று பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

#4 மஞ்சள்விளக்கு

என்னிடம் இருப்பது மோரிஸ் மைனர், 1098 சிசி. பதினாறு வருடமாக வைத்திருக்கிறேன். இந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் நின்று தோற்றவள் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

முதல் மூன்று வருடம் நான் தீவிர ஒரிஜினல் கட்சி. பாசிட்டிவ் எர்த் (பாட்டரியின் பாசிட்டிவ் முனையை உடம்புத் தகட்டில் இணைக்கும் பழைய முறை), டைனமோ, குறுக்கிழை டயர், எல்லாம் அப்படியே. பார்க்க அழகு. ஆனால் மழையில் இரவு ஓட்டினால் வைப்பர் போட்டதும் ஹெட்லைட் மங்கும், சிக்னலில் நின்றால் இன்னும் மங்கும். அந்த டயரோ தார் ரோட்டில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் தேடிப் பிடித்து அதன் வழியே போகும். மெல்ல மெல்ல ஓட்டுவதே நின்றது. ஒரிஜினல் கார் நிழலில் நின்றது, பெட்ரோல் டாங்குக்குள் துருப்பிடித்தது. ஓட்டாமல் காப்பாற்றுவது என்று ஒன்று கிடையாது என்று அப்போதுதான் புரிந்தது. நின்ற காரில் ரப்பர் காய்ந்து வெடிக்கும், பிரேக் சிலிண்டர் இறுகும்.

அப்புறம் எதிர்க்கட்சிக்குத் தாவினேன். ரேடியல் டயர், நெகட்டிவ் எர்த், ஆல்டர்னேட்டர். இதுவரை வருத்தமில்லை. பிறகு ஐந்து கியர் பெட்டி ஒன்று கிடைத்தது. நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் போகும் என்று ஆசை. பெட்டி நீளம் கொஞ்சம் கூடுதல், உள்ளே நுழையவில்லை. செய்து கொடுத்தவர், கியர் பெட்டிக்கு மேலே தரையில் எழும்பி நிற்கும் நடுச் சுரங்கத்தின் தகட்டை ஒரு கை அகலத்துக்கு வெட்டிவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். கார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறை கம்பளத்தைத் தூக்கும்போதும் அந்த வெட்டு கண்ணில் படும். அறுபது வருடமாக யாரும் தொடாத தகடு, என் காலத்தில் போனது.

ஆல்டர்னேட்டரை நாளைக்கே கழற்றி டைனமோவை மாட்டலாம், அது அட்டைப்பெட்டியில் எண்ணெய்த் துணி சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. வெட்டிய தகட்டை எந்தப் பெட்டியில் வைப்பேன்? தம்பி, உங்கள் ஏழு ஆசைகளையும் எடுத்துக்கொண்டு, எதற்கு வெட்ட வேண்டும், எதற்கு ஸ்பானர் போதும் என்று பிரித்துப் பாருங்கள். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளிலேயே மாட்ட முடிகிற எதையும் நான் பாவம் என்று சொல்ல மாட்டேன்.

#5 நாலுகதவு

நன்றி அக்கா. பிரித்துப் பார்த்தேன். ஸ்பானர் மட்டும் போதும்: இக்னிஷன், ஆல்டர்னேட்டர், மாஸ்டர் சிலிண்டர். வெட்ட வேண்டும்: ஏசி (டாஷ்போர்டிலும், எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையே உள்ள ஃபயர்வால் தகட்டிலும்), தரை கியர். டிஸ்க் பிரேக் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

தரை கியரை விட்டுவிட்டேன். அப்பாவிடம் சொன்னபோது, “கையில் இருக்கிறதை எதற்குக் காலடியில் போடுகிறாய்?” என்றார். மேற்கொண்டு நான் பேசவில்லை.

#6 பழம்பெட்ரோல்

அப்பாவைச் சந்திக்க வேண்டும் போல் இருக்கிறது.

டிஸ்க் விஷயத்தில் ஒரு தகவல் சொல்கிறேன், என் கட்சிக்கே எதிரானது. ஃபியட் 1966-இல் 1100ஆர் என்ற கடைசி வடிவத்தைக் கொண்டுவந்தபோது முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கைத் தானே கொடுத்தது. கியரையும் தரைக்கு இறக்கியது. (எஞ்சினை மட்டும் 1221 சிசியிலிருந்து மறுபடி 1089-க்குக் குறைத்தது, அது வேறு கதை.) ஆகவே அதே குடும்பத்துப் பாகம் போட்டால், இரண்டு வருடம் கழித்துத் தொழிற்சாலை செய்ததை நீங்கள் முன்கூட்டிச் செய்ததாகிறது. ஆர்-இலிருந்து வரும் செட் டி-யில் நேரடியாக உட்காருமா, ரிம் காலிபரில் (டிஸ்க்கைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் பாகம்) உரசுமா என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்துக்கு உரிய மாற்றம் என்ற வகையை என்னைப் போன்ற பிடிவாதக்காரர்களும் ஏற்கிறோம். 1965-இல் ஒருவர் தன் காரில் என்ன போட்டிருக்க முடியுமோ அது வேறு, நேற்று இணையத்தில் வாங்கியது வேறு.

கழற்றிய டிரம், பேக்கிங் பிளேட், ஷூ, ஸ்பிரிங், எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். எது எந்தப் பக்கம் என்றும் எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து ஞாபகம் இருக்கும் என்று நம்பாதீர்கள், இருக்காது.

#7 காந்தச்சுருள்

மின்சாரப் பக்கம் யாரும் வராததால் நான் வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

எலெக்ட்ரானிக் இக்னிஷன்: தீப்பொறிக்காக மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் பாயின்ட், அதோடு இருக்கும் கண்டென்சர் இரண்டையும் எடுத்துவிட்டு அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உட்காரும் சிறிய செட்தான் இப்போது வழக்கம். மூடியை மூடினால் வெளியே தெரிவது ஒரு கூடுதல் ஒயர். அதைப் போடுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் பழைய பாயின்ட் செட்டைச் சரியான இடைவெளி வைத்து ஒரு தட்டில் பொருத்தி, கையுறைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பாயின்ட் தேய்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் சாகும். எலெக்ட்ரானிக் சொல்லாமல் சாகும். இன்னொன்று, சாவியை ஆன் செய்துவிட்டு எஞ்சினை ஓட்டாமல் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தால் சில செட்கள் எரிந்தே போகும்.

ஆல்டர்னேட்டர் வேண்டுமா? கணக்குப் போடுங்கள். அந்தக் காலத்து டைனமோ நல்ல வேகத்தில் சுற்றும்போது தருவது சுமாராக 20 முதல் 25 ஆம்பியர். நின்றுகொண்டு மெதுவாக ஓடும்போது ஒன்றுமே தராது. ஹெட்லைட்டில் 60 வாட் ஹாலோஜன் இரண்டு போட்டால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். வைப்பர், இக்னிஷன், பின் விளக்கு, பிரேக் விளக்கு சேர்த்தால் மேலும் 10 வரும். அதாவது மழை இரவில் டைனமோ மூச்சுத் திணறும். மஞ்சள்விளக்கு அக்கா சொன்ன மங்கல் இதுதான். பகலில் மட்டும் ஓட்டுவதென்றால் டைனமோ போதும்.

இங்கே ஏசி வந்தால் கதை முடிந்தது. காற்றாடிக்கும் கம்ப்ரெஸர் கிளட்ச்சுக்கும் சேர்த்து இன்னொரு 12, 15 ஆம்பியர். அதுவாவது ஆல்டர்னேட்டர் தரும். குதிரைத்திறனை யார் தருவது? சுமார் 50 குதிரை உள்ள எஞ்சின், அதில் நான்கைந்தைக் கம்ப்ரெஸர் தின்னும். ஏசியின் கண்டென்சர் (மேலே சொன்ன இக்னிஷன் கண்டென்சர் இல்லை) ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சூடான காற்றை அதன் மேல் ஊதும். அப்புறம் ரேடியேட்டரை மாற்ற வேண்டும், மின்விசிறி வேண்டும், டாஷ்போர்டின் கீழே ஒரு பெட்டி தொங்கும். ஒன்றைத் தொட்டால் ஏழு விஷயம் கூடவே வரும். முன் கதவுகளில் இருக்கும் அந்தச் சிறிய முக்கோணக் கண்ணாடியைத் திறந்து பாருங்கள். அதை வடிவமைத்தவர் முட்டாள் இல்லை.

எல்இடி ஹெட்லைட் வேண்டாம். அழகுக்காகச் சொல்லவில்லை. பழைய பிரதிபலிப்புக் கிண்ணம், ஒரு மெல்லிய இழை சரியாக ஒரு புள்ளியில் எரியும் என்று கணக்கிட்டுச் செய்தது. எல்இடி பல்பில் வெளிச்சம் வேறு இடத்திலிருந்து கிளம்பும். எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், சாலையில் விழாது. அதற்குப் பதிலாக ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) போடுங்கள். இப்போது மொத்த மின்சாரமும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக அறுபது வயது ஒயரில் சுற்றி வருகிறது. விளக்குக்குப் போய்ச் சேரும்போது ஒன்றரை வோல்ட் குறைந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. பாட்டரியிலிருந்து நேராக ரிலே வழியாகக் கொடுத்தால் அதே பல்ப் வேறு விளக்கு மாதிரி எரியும். சுவிட்ச்சும் உருகாது.

#8 டர்போதம்பி

எதற்கு இவ்வளவு கஷ்டம்? நல்ல ஜப்பான் எஞ்சின் ஒன்று, கியர் பெட்டியோடு, பவர் ஸ்டீயரிங்கோடு போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. இல்லையென்றால் மின்சாரக் காராக மாற்றிவிடலாம். வெளித்தோற்றம் பழசு, உள்ளே புதுசு. உலகமே அப்படித்தான் போகிறது. கலிஃபோர்னியாவில் சிங்கர் என்கிற நிறுவனம் 964 வகை போர்ஷே 911-ஐ எடுத்து எப்படி மாற்றித் தருகிறது பாருங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

#9 மஞ்சள்விளக்கு

நானும் பார்த்திருக்கிறேன் தம்பி, அபாரமான வேலை. ஆனால் அவர்கள் கழற்றிப்போட்ட 911 மாதிரி ஆயிரக்கணக்கில் வெளியே ஓடுகின்றன. இன்னொன்று, அங்கே காரை முழுக்க, கடைசி ஆணி வரை மறுபடி யோசிக்கிறார்கள். நம்மில் பலர் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு, அறுபது குதிரைக்கான பிரேக்கையும் ஸ்பிரிங்கையும் நம்பி நூற்றிருபது குதிரையை ஓட்டுகிறோம்.

மின்சார மாற்றத்திலும் ஒழுங்காகச் செய்த உதாரணம் உண்டு. ஜாகுவார் 2017-இல் காட்டிய மின்சார ஈ-டைப்பில், பாட்டரிப் பெட்டியைப் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினின் அளவிலும் எடையிலும் செய்து அதே இடத்தில் உட்கார வைத்தார்கள். உடம்பில் எங்கும் வெட்டு இல்லை, எப்போது வேண்டுமானாலும் எஞ்சினைத் திரும்பப் போடலாம். அப்படியிருந்தும் எஃப்ஐவிஏ 2019-இல் தன் நிலையைச் சொல்லிவிட்டது: மின்சாரத்துக்கு மாறிய வண்டியை வரலாற்று வாகனமாகக் கருத முடியாது, செய்தே ஆக வேண்டுமென்றால் கழற்றியதை எல்லாம் பத்திரமாக வையுங்கள்.

நாலுகதவின் அப்பாவுக்கு அந்த எஞ்சின் சத்தம் வேண்டாமா? அதையும் கேளுங்கள்.

#10 வளைபாதை

பெல்ட்டை மறந்துவிடாதீர்கள். வால்வோவின் நீல்ஸ் போலின் மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்தது 1959-இல். ஆகவே “அந்தக் காலத்துக்கு உரியது” என்று பழம்பெட்ரோல் சாரும் கையெழுத்துப் போடலாம். ஆனால் வெறும் தகட்டில் ஓட்டை போட்டு போல்ட் முடுக்குவது ஏமாற்று வேலை. இழுபடும்போது தகடு கிழிந்து போல்ட்டோடு வரும். பின்புறம் தடித்த தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டும். எப்படியும் கதவுக்குக் கீழே இருக்கும் சில் (sill) தகட்டையும் தரையையும் மாற்றப் போகிறீர்கள், அதோடு சேர்த்துச் செய்யுங்கள். தோள் முனைக்குக் கதவுத் தூணில் ஒரு ஓட்டை போட்டே ஆக வேண்டும். அந்த ஒரு ஓட்டைக்கு நான் பொறுப்பு.

#11 பழம்பெட்ரோல்

போட்டேன் கையெழுத்து.

#12 நாலுகதவு

ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். முதலில் நிறத்தைப் பற்றி ஒரு கேள்வி, அப்புறம் ஒரு சோகக் கதை.

டாஷ்போர்டுக்குக் கீழே, யாரும் பார்க்காத இடத்தில், ஈரமான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துப் பார்த்தேன். மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் போல நிறங்கள் வந்தன. மேலே எனக்குத் தெரிந்த நீலம். அதற்குக் கீழே இன்னொரு நீலம், சற்று வெளிறியது. பிறகு பிரைமர். எல்லாவற்றுக்கும் அடியில் சாம்பல் நிறம். தொழிற்சாலை நிறம் சாம்பல்! எனக்குத் தெரியவே தெரியாது. நான் பிறக்கும் முன்பே அப்பா நீலம் அடித்திருக்கிறார். என் எல்லா ஞாபகத்திலும் கார் நீலம்தான். இப்போது எதை அடிப்பது?

சோகக் கதை. டாஷ்போர்டின் அடியில், ஸ்டீயரிங் தண்டுக்கு இடது பக்கம், ஒரு பழுப்பு பேக்லைட் (அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) சுவிட்ச் இருந்தது. குனிந்தால்தான் தெரியும். சிறு வயதில் அதைத் தொட்டால் அடி விழும். அது அப்பா வைத்த திருட்டுத் தடுப்பு: தீப்பொறிக்கான இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரை அதன் வழியாகச் சுற்றி விட்டிருந்தார். யாராவது சாவி இல்லாமல் ஒயரை இணைத்தாலும் செல்ஃப் சுற்றும், வண்டி கிளம்பாது. எழுபதுகளில் பக்கத்துத் தெருவில் ஒரு கார் காணாமல் போனதும் கைத்துளையானால் அவரே ஓட்டை போட்டு மாட்டியதாம்.

பட்டறைக்காரர் நல்லவர், சுத்தமான வேலைக்காரர். சுத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. சுவிட்சைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “தொழிற்சாலையில் இல்லாத ஓட்டை” என்று அதை வெல்டு செய்து தேய்த்து மழுங்கடித்து, அதன் மேல் பிரைமரும் அடித்துவிட்டார். எங்கே இருந்தது என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. “ஒரிஜினலாகப் பண்ணச் சொன்னீர்களே” என்கிறார். சொன்னேன்தான்.

#13 காந்தச்சுருள்

ஐயோ.

#14 மஞ்சள்விளக்கு

என் சுரங்கத் தகட்டுக்கு நேர் எதிர் சோகம் இது. எனக்கு வெட்டினார்கள், உங்களுக்கு அடைத்தார்கள்.

#15 பழம்பெட்ரோல்

தம்பி, இந்த இடத்தில் என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஒரிஜினல் என்று சொல்லும்போது தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அந்த நாளை மட்டுமே நினைக்கிறோம். உங்கள் கார் அந்த வாசலில் நின்றது ஒரே ஒரு நாள். உங்கள் வீட்டில் நின்றது எத்தனை ஆயிரம் நாள்?

இது நீதிமன்றம் வரை போன கேள்வி. பெண்ட்லி ஸ்பீட் சிக்ஸ் ஒன்று, ஓல்ட் நம்பர் ஒன் என்று பெயர். 1929, 1930 இரண்டு ஆண்டும் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார். அதன் பிறகும் பந்தயத்தில் ஓடி, எட்டு லிட்டர் எஞ்சின் போடப்பட்டு, 1932-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் கோரமான விபத்தில் சிக்கி, மூடிய உடம்போடு மறுபடி கட்டப்பட்டு, பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பியது. 1990-இல் அதை வாங்க ஒப்புக்கொண்டவர்கள், லெ மான் வென்றபோது இருந்த இரும்பு இதில் எவ்வளவு மிச்சம், இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்கினார்கள். லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் தீர்ப்புச் சொன்னார். 1929-இல் இருந்த அதே பொருள் என்ற அர்த்தத்தில் இது ஒரிஜினல் ஆகாது. ஆனால் மாற்றம் ஒவ்வொன்றும் ஓடிக்கொண்டிருந்த அதே காருக்குத்தான் நடந்தது. இடையில் அது ஒருபோதும் இல்லாமல் போகவில்லை, வேறொரு காரும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே இதுவே ஓல்ட் நம்பர் ஒன், விற்பனை செல்லும்.

அந்தத் தீர்ப்பை முதலில் படித்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. பாகத்தைத்தானே பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போது உங்கள் பேக்லைட் சுவிட்ச்சை நினைத்தால், நீதிபதி சொன்னதுதான் சரி என்று படுகிறது. கார் பட்ட பாடும் காரின் பாகம்.

நிறத்துக்கு என் பதில்: நீலம். நான் இப்படிச் சொல்வேன் என்று போன மாதம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஒரே ஒரு வேண்டுகோள், அந்தத் தேய்த்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். உள்ளங்கை அளவு, டாஷ்போர்டின் அடியில். பின்னால் யார் வந்து சாம்பல் வேண்டும் என்றாலும் ஆதாரம் இருக்கும்.

#16 டர்போதம்பி

ஓட்டையை மறுபடி போட்டால் அது ஒரிஜினல் ஓட்டையா, மறுபதிப்பு ஓட்டையா? (சும்மா கேட்டேன், அடிக்காதீர்கள்.)

#17 வளைபாதை

நியாயமான கேள்விதான். ஓட்டை மறுபதிப்பு, சுவிட்ச் ஒரிஜினல், இடம் உத்தேசம். வெனிஸ் சாசனத்தின்படி கூர்ந்து பார்த்தால் புதிது என்று தெரிய வேண்டும், தெரியும்.

#18 காந்தச்சுருள்

ஒரு தொழில்நுட்பத் தடை. நாலுகதவு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடப் போகிறார். அந்தச் செட்டுக்குப் போகும் மின்சாரத்தை ஐம்பது வயது பேக்லைட் சுவிட்ச் வழியாக விட்டால், உள்ளே முனை கறுத்திருந்தால், ஓடும்போதே விட்டு விட்டுத் துண்டிக்கும். நடுரோட்டில் எஞ்சின் நிற்கும். சுவிட்ச்சை நேரடியாக வைக்காமல் ஒரு ரிலேயை மட்டும் இயக்க வையுங்கள். அதோடு சுவிட்ச்சைப் பிரித்து உள் முனைகளைச் சுத்தம் செய்யுங்கள். நம்ப முடியாவிட்டால் ஒயரைக் கொடுக்காமல் வெறும் அலங்காரமாக விட்டுவிடுங்கள்.

#19 நாலுகதவு

மூன்று மாத அறிக்கை.

நீலம் அடித்தாயிற்று. அப்பா அடித்த முதல் நீலம், வெளிறிய அந்த நீலம். பெயிண்டுக்காரர் கண்ணாடி போலப் பளபளப்பாக்க ஆசைப்பட்டார். அந்தக் காலத்துக் கார் எதுவும் அப்படிப் பளபளத்ததில்லை என்று கெஞ்சிக் குறைக்க வைத்தேன். ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசான சொரசொரப்பு அங்கங்கே இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏசி கிடையாது. முக்கோணக் கண்ணாடிகளுக்குப் புது ரப்பர். டைனமோ இருக்கிறது, இப்போதைக்குப் பகலில்தான் ஓட்டுகிறோம். ஹெட்லைட்டுக்கு ரிலே. முன்னால் பெல்ட் இரண்டு, பின்னால் மகளுக்கு ஒன்று, தடித்த தகடு வைத்து வெல்டு செய்தது. பெட்ரோல் குழாய்களை எல்லாம் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டேன். பழைய ரப்பரைக் கையில் மடக்கியதும் பிஸ்கட் மாதிரி உடைந்தது.

முன் டிஸ்க், 1100ஆர் வகைச் செட், அளந்து, ஒரு ஸ்பேசர் கடைந்து உட்கார வைத்தோம். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். முதல் ஓட்டம் ஐந்து கிலோமீட்டர். வண்டி போகப் போக இழுவை குறைந்தது, ஏதோ கைப்பிரேக் போட்டது மாதிரி. இறங்கிப் பார்த்தால் முன் ரிம்மில் கை வைக்க முடியவில்லை, புகை வராத குறை. காலிபர் இறுகிவிட்டது என்று நினைத்து இரண்டையும் பிரித்தேன், சுத்தமாக இருந்தன. யாருக்காவது காரணம் தெரிகிறதா?

#20 வளைபாதை

அந்த மாஸ்டர் சிலிண்டர் டிரம்முக்கானதா? அப்படியென்றால் வெளியேறும் வாயில் ஒரு சிறிய வால்வு இருக்கும். டிரம்மில் கப் விளிம்பு ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்காகப் பெடலை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தம் வைத்திருக்கும், சுமார் 10 பிஎஸ்ஐ. டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் உண்டு, அதனால் பாதகமில்லை. டிஸ்க்கில் ஸ்பிரிங் கிடையாது. அந்த அழுத்தம் பேடை டிஸ்க் மேல் உரச வைத்துக்கொண்டே இருக்கும். முன் சுற்றின் வால்வை எடுத்துவிடுங்கள், பின் சுற்றில் விட்டுவிடுங்கள்.

பிரேக் எண்ணெயையும் மாற்றுங்கள், அவ்வளவு கொதித்த பிறகு அதை நம்பக் கூடாது.

#21 நாலுகதவு

அதேதான்! ரப்பர் வால்வு, மூக்குத்தி அளவு. எடுத்தேன், எண்ணெய் மாற்றினேன், நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன், ரிம்மில் கை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும். டிரம், ஷூ, ஸ்பிரிங் எல்லாம் சீட்டு எழுதிப் பரணில் இருக்கின்றன சார், வலம் இடம் குறித்து.

நேற்று அப்பாவை ஏற்றிக்கொண்டு போனேன். அதற்கு முன்னால் அவரையே ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, சுவிட்ச் எங்கே இருந்தது என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு இடது கையை டாஷ்போர்டின் அடியில் விட்டார். கை நின்ற இடத்தில் பென்சிலால் குறித்தேன். துளையிட்டதும் அவர்தான், அதே பழைய கைத்துளையான். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேல் தகடு புதுசாக அடித்த பெயிண்டு என்பதைப் பற்றி அவருக்கு எந்தக் கவலையும் இல்லை.

டிஸ்க் பிரேக்கைக் காட்டி, “உங்கள் காரை மாற்றிவிட்டேன், கோபமா?” என்றேன். “அப்போது கிடைத்திருந்தால் நானே போட்டிருப்பேன்” என்றார்.

ரிலே இன்னும் வரவில்லை, அதனால் சுவிட்ச்சுக்கு ஒயர் கொடுக்கவில்லை. அது அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து இறங்கும்போது குனிந்து அதைத் தட்டி அணைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

#22 காந்தச்சுருள்

ரிலே நான் அனுப்புகிறேன். 12 வோல்ட், 30 ஆம்பியர், நான்கு முனை. முகவரியைத் தனிச்செய்தியில் போடுங்கள்.